மான் வேட்டைக்குப் போகாத ஆள்

இல்லல்ல, பூட்ஸக் கழட்ட வேண்டாம். கழட்டிட்டீங்களா, சரி. அப்படியே அந்தக் கம்பளத்து மேல விட்டுடுங்க, பனி உருகினா அது உறிஞ்சிக்கும். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே தம்பி. நாளைக்கு மான் வேட்டை ஆரம்பிக்குது. நடக்கத் தெரிஞ்ச ஆம்பள அத்தனை பேரும் ஆரஞ்சுக் கலர் சட்டையப் போட்டுக்கிட்டுக் காட்டுக்குக் கெளம்பிட்டாங்க. எங்க பாஸ்டர் கூட இந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தப் பாதியா வெட்டிடுவாரு, அவருக்கும் காட்டுல ஒரு பரண் காத்துக்கிட்டிருக்கு. நீங்க மட்டும் ஏன் போகலை?

சொந்த விஷயமா. சரி, சொந்த விஷயம்னா சொந்த விஷயந்தான். தப்பா எடுத்துக்காதீங்க. வேட்டைக்குப் போகாத ஆம்பளன்னா ஒண்ணு இடுப்பு ஒடிஞ்சிருக்கணும், இல்லன்னா பொண்டாட்டி கதவப் பூட்டியிருக்கணும். உங்க இடுப்பப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. அதான் கேட்டேன்.

உக்காருங்க. காபி ஊத்தறேன். பால் வேணுமா? வேண்டாமா, நல்லது. இந்த ஏலக்கா ரொட்டி காலைல சுட்டது. பின்லாந்துக்காரங்க வீட்டுக்கு வந்து காபி வேண்டாம்னு சொன்னா, சண்டைக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக்குவோம். போன்ல பேரு லைல்னுதானே சொன்னீங்க? லைல் சரி, குடும்பப் பேரு என்ன? ஓ, நார்வேக்காரங்களா. பரவால்ல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. சிரிக்கலாம் தம்பி, வேடிக்கைக்குத்தான் சொன்னேன். என் பேரு எல்மா. மேடம் எல்லாம் வேண்டாம். சர்ச்சுல பொடிசுங்க கூட எல்மான்னுதான் கூப்பிடும்.

வேலை பெரிசு இல்ல. கீழ பேஸ்மென்ட்ல, வடக்குப் பக்கச் சுவரு. இந்த வசந்தத்துல பனி உருகினப்போ தண்ணி உள்ள எறங்கியிருக்கு போல, ஜிப்சம் பலகை அடியில எல்லாம் கறுப்பாப் பூத்துக் கெடக்கு. அந்தப் பலகையக் கழட்டணும். உள்ள குளிருக்கு அடைச்சிருக்கற பஞ்ச எடுக்கணும். சுவத்தக் காய வச்சு, குளிர் தாங்கற மாதிரி புதுப் பஞ்சு வச்சு, புதுப் பலகை அடிச்சு, பட்டி பாத்து, வெள்ளையடிச்சுக் குடுக்கணும். அவ்வளவுதான்.

என் மக கார்லா வர்றா. ஃபார்கோலேர்ந்து, கைக்குழந்தையோட. புருஷன் வரலை. ஏன் வரலைன்னு அவளும் சொல்லலை, நானும் கேக்கலை. தானா சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும்னு முழங்கால் போட்டு ஜெபிச்சுக்கிட்டிருக்கேன். மேல இருக்கறது ஒரே ஒரு படுக்கையறை. அவ கீழதான் இருந்தாகணும். பூஞ்சை வாடை அடிக்கற எடத்துல அந்தப் பச்ச மண்ணப் படுக்க வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

எப்ப முடிக்கணும்னா, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள. கார்லா அதுக்கப்புறம்தான் வர்றா. ஆனா அவளுக்காக இல்ல. என் மகன் ப்ரென்ட் இன்னிக்குத்தான் மான் கேம்ப்புக்குப் போனான், அவன் சித்தப்பாங்களோட. அடுத்த ஞாயிறு சாயங்காலம் வந்துடுவான். அவன் வரும்போது சுவரு மூடியிருக்கணும் தம்பி. பெயின்ட் காயாட்டாலும் பரவால்ல. பெயின்ட் அடிக்காட்டாலும் பரவால்ல. மூடியிருக்கணும்.

அதுவா, அவன் தானே செய்யறேன்னு பிடிவாதமா நிக்கறான். வேட்டை முடிஞ்சு வந்ததும் பழசையெல்லாம் இடிச்சுத் தள்ளறேம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அவனுக்குத் தோள்பட்டை சரியில்ல. வலியோட எதுக்கு அவஸ்தப்படணும், பெத்தவ மனசு கேக்குமா. அதனாலதான் ஆள் தேடிக்கிட்டிருக்கேன்.

நீங்க முதல் ஆளு இல்ல. மறைக்கறதுக்கு என்ன இருக்கு. முதல்ல ரோஜர்னு ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன், நல்ல கை. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. அரைக் கப் காபி உள்ள போறதுக்குள்ள, பழைய பாஸ்டர் வீட்டுச் சுவத்தத் தெறந்தேனே, உள்ள என்ன இருந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்குத் தெரியாதுன்னேன். சாராயப் பாட்டிலாம். வெறும் பாட்டிலா அடுக்கி வச்சிருந்தாராம். அந்தப் பாஸ்டர் என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஞானஸ்நானம் குடுத்தவரு தம்பி. மண்ணுக்குள்ள போய்ப் பல வருஷம் ஆச்சு. எனக்கு அத இப்போ தெரிஞ்சு என்ன ஆகணும்? ரோஜருக்கு ரொட்டியத் துணியில கட்டிக் குடுத்து அனுப்பிட்டேன். அவரு இன்னும் என் போனுக்குக் காத்துக்கிட்டிருப்பாரு.

அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தாங்க. படி எறங்கறதுக்கு முன்னாடியே போன எடுத்துப் படம் பிடிக்கறாங்க. எதுக்குப்பான்னு கேட்டா, வேலைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, வேலை முடிஞ்சு எப்படி இருக்குன்னு ஊருக்கே காட்டுவாங்களாம். சுவத்தத் தெறந்ததும் உள்ள இருக்கறதத்தான் ஜனங்க ஆசையாப் பாப்பாங்களாம். என் வீட்டுச் சுவத்துக்குள்ள எட்டிப் பாக்க ஊருக்கு என்ன ஆசை? பேஸ்மென்ட்ல லைட் போயிடுச்சுன்னு சொல்லி அனுப்பி வச்சேன். லைட் போகலை. ஆண்டவர் மன்னிக்கணும்.

மூணாவதா வந்தவரப் பத்திக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா கெளம்பும்போது, ப்ரென்ட் அம்மாவா நீங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஹாக்கி ஆடினோமே, அவன் வந்ததும் கேட்டேன்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டாரு. அதோட போச்சு.

நீங்க ப்ரென்ட்டப் பாத்திருக்கீங்களா? இல்லையா. ஹாக்கி ஆடுவீங்களா? அதுவும் இல்லையா. வேலை முடிஞ்சா எங்க போவீங்க? நேரா வீட்டுக்கா, இல்ல வழியில அந்த ரயில்வே கேட் பக்கத்துல இருக்கற பாருக்கா? குடிக்கிறவங்கள நான் குறை சொல்லலை. ரெய்னோ, என் வீட்டுக்காரரு, சனிக்கிழமை சௌனாவுல உக்காந்து வேர்த்துட்டு வந்து ஒரு பீர் குடிக்காம தூங்க மாட்டாரு. ஆனா உள்ள போனா வாய் தெறந்துக்கும் பாருங்க. அதுக்குத்தான் கேட்டேன்.

நாய் இருக்கா. பேரு என்ன? அழகான பேரு. நேரா வீட்டுக்குத்தான்னு ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாமே. நாய் காத்துக்கிட்டிருக்கும்னு சொன்னா எனக்குப் புரியாதா.

அப்புறம் லைல் தம்பி, போன மாசம் லாஹ்டி அம்மா வீட்டுல மாடி அறை நீங்கதான் செஞ்சீங்களாமே. கேள்விப்பட்டேன். அந்த அம்மா வீட்டுக்குள்ள யாரையும் விடாதே. தபால்காரரே வாசல்ல நின்னு பேசிட்டுப் போவாரு. எப்படி இருந்துச்சு உள்ள?

வேலை நல்லபடியா முடிஞ்சுதா. சந்தோஷம். ஆனா நான் கேட்டது அது இல்ல. சுவத்தத் தெறந்தப்போ என்ன இருந்துச்சு?

பஞ்சா. எல்லார் வீட்டுச் சுவத்துலயும் பஞ்சுதான் தம்பி இருக்கும். ஊர்ல ஏதேதோ பேசிக்கறாங்களே, அந்த அம்மாவோட தம்பி ராணுவத்துலேர்ந்து ஓடி வந்து ரொம்ப நாள் அந்த மாடியிலதான் இருந்தான்னு. சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்? இந்த வீட்டுல இருக்கறது நானும் பூனையும்தான். பூனைக்கும் காது கேக்காது.

அந்த அம்மாகிட்டயே கேட்டுக்கணுமா.

சரி. சரிதான். கோவிச்சுக்கலை. இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கங்க. அது சின்னது, ஓரத்துத் துண்டு. நடுவுலேர்ந்து எடுங்க, வெண்ணெய் தடவறேன்.

வாங்க, கீழ போகலாம். கப்பக் கையிலயே எடுத்துக்கங்க. தலை ஜாக்கிரதை, அந்த உத்தரத்துல ரெய்னோ இடிச்சுக்காத நாளே கிடையாது. இந்தச் சுவிச்சுதான். லைட் எரியுது பாருங்க, அந்த அண்ணன் தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க.

அதுல உக்காராதீங்க தம்பி. அந்த நாற்காலியில யாரும் உக்காரறதில்ல. பூனை கூட. இந்தா, இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

இதுதான் சுவரு. வாடை வருதா? எனக்குப் பழகிடுச்சு. இந்தப் பக்கம் இருக்கறது ஃபர்னஸ். பழைய காலத்து உருப்படி, ஆனா வீடு முழுக்கச் சூடு குடுக்குது. விஷவாயு வந்தா கத்தற மணி இங்க ஒண்ணு, மேல ஒண்ணு, படுக்கையறையில ஒண்ணு. ஆமா, மூணுதான். ஒரு பொம்பளைக்கு எதுக்கு மூணுன்னு நெனக்கிறீங்களா. வச்சிருக்கேன், அவ்வளவுதான். காத்து எங்கயும் கசியலை. அக்டோபர்ல மெழுகுவத்தி பிடிச்சுச் சுத்தி வந்தேன், சுடர் ஆடவே இல்ல. உங்க வீட்டுலயும் மெழுகுவத்தி பிடிப்பாங்கதானே? எங்க அம்மா சாவித் துவாரத்துலயே பஞ்சு வச்சவங்க. குளிருக்கு முன்னாடி வீட்டுல இருக்கற ஓட்டையெல்லாம் தேடித் தேடி அடைக்காட்டா எங்களுக்குத் தூக்கம் வராது.

தட்டிப் பாருங்க, தாராளமா. யாரு செஞ்சதுன்னா, வீட்டு ஆளுங்கதான்.

நல்லாச் செஞ்சிருக்காங்கறீங்களா? ஆமா, அந்த மூலையப் பாருங்க. ரெண்டு பலகை சேர்ற எடமே தெரியாது. விரல் வச்சுத் தடவிப் பாருங்க. ஒரு பிசிறு இருக்கா? மூணு தடவ பட்டி போட்டு, ஒவ்வொரு தடவையும் தேச்சு, தலையெல்லாம் வெள்ளையா மாவுல விழுந்த எலி மாதிரி நின்னான். வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து செஞ்சான் தம்பி. தொழில்காரன் கூட இல்ல, அவன் சுரங்க ஆபீஸ்ல வேலை பாக்கறான். புத்தகத்தப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டான்.

ஆமா. ப்ரென்ட்தான்.

இவ்வளவு நல்லாச் செய்யறவன் இருக்கும்போது நான் எதுக்குன்னு கேக்கறீங்க. தோள்பட்டைன்னு சொன்னேனே.

மான் சுடறதுக்கும் தோள்தானே வேணும்ங்கறீங்க. ம். துப்பாக்கி உதைக்கற உதையும் அங்கதான் விழும். அது வாஸ்தவம்.

நீங்க பேசறது கம்மி, ஆனா கேக்கற கேள்வி ஒவ்வொண்ணும் ஆணி மாதிரி எறங்குது. சரி, தோள்பட்டைய விடுங்க. ஆச்சரியமா இருக்கட்டுமேன்னுதான். அவன் வந்து பாக்கும்போது, அட அம்மா எல்லாத்தையும் முடிச்சுட்டாளேன்னு. அப்படி வச்சுக்கங்க. எல்லாரும் அப்படித்தானே ஒருத்தருக்கொருத்தர் பண்றாங்க.

சிரிக்கறீங்களே. சுவத்துக்குள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனக்கிறீங்களா? நகை, துப்பாக்கி, பாட்டில்? ஒண்ணும் இல்ல தம்பி. பஞ்சுதான் இருக்கு. சத்தியமா பஞ்சு மட்டும்தான் இருக்கு. எங்க சபை ஆளுங்க சத்தியம் பண்ண மாட்டோம், இருந்தாலும் சொல்றேன்.

என்னது, வெளியிலயா? எப்போ சுத்தி வந்தீங்க? நான் பாக்கவே இல்லையே. கதவத் தட்டறதுக்கு முன்னாடியேவா. யாரும் அப்படிச் செய்யலை. வந்தவங்க எல்லாரும் நேரா உள்ளதான் வந்தாங்க.

ஆமா, வடக்குப் பக்கம் ஒரு தகர மூடி இருக்கு. மூக்கு மாதிரி. அது ரொம்ப வருஷமா இருக்கு, வீடு கட்டினப்பவே வச்சது. குருவி கூடு கட்டும். அதக் கண்டுக்காதீங்க.

வெளியில மூக்கு இருந்தா உள்ள அதுக்கு வாய் எங்கன்னு கேக்கறீங்க.

கொஞ்சம் இருங்க. நான் இந்தப் படியில உக்காந்துக்கறேன். நீங்களும் உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும். நாற்காலியிலயே உக்காருங்க. பரவால்ல, நான் சொல்றேன்ல. உக்காருங்க.

அது ஃபர்னஸ் மூச்சு விடறதுக்கு வச்ச குழாய் தம்பி. உங்களுக்கு நான் சொல்லணுமா. நெருப்பு எரியணும்னா காத்து வேணும், அந்தக் காத்து வெளியிலேர்ந்து வரணும், வராட்டா நெருப்பு விஷவாயுவக் கக்கும். இப்போ எனக்கும் தெரியும். அப்போ எனக்குத் தெரியாது, ரெய்னோவுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தக் குழாய்லேர்ந்து ஐஸ் மாதிரி காத்து நேரா அவர் பிடரியில வந்து அடிக்குதுங்கறது மட்டும்தான். இதயம் பலவீனமாகிப் போச்சு அவருக்கு, அடிக்கடி படி ஏற முடியல. இந்த நாற்காலியிலயே டிவி பாத்து, இதுலயே தூங்கிடுவாரு. துண்டக் கழுத்துல சுத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு. ப்ரென்ட் ஒரு நாள் வந்து அதப் பாத்தான். அப்பா இப்படியா உக்காந்திருக்காருன்னு அவனுக்குத் தாங்கலை.

அடுத்த வாரமே வண்டி நெறையப் பஞ்சும் பலகையுமா வந்து நின்னான். அந்தக் குழாய்க்குள்ள ரெண்டு கையாலயும் பஞ்சத் திணிச்சான். நான்தான் பொட்டலத்தப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தேன். மேல பலகை அடிச்சு மூடினான். மெழுகுவத்தி பிடிச்சுக் காட்டினான் அவங்க அப்பாகிட்ட, பாருங்கப்பா சுடர் ஆடவே இல்லன்னு. ரெய்னோவுக்கு அவ்வளவு பெருமை. கடையில, சர்ச்சுல, பெட்ரோல் போடற எடத்துல, எல்லார்கிட்டயும் என் மகன் கட்டின சுவரு, என் மகன் கட்டின சுவருன்னு அதே பேச்சு.

அந்த ஜனவரியில கார் கதவு கூட ஒறஞ்சு தெறக்காத குளிர். நான் டுலூத்துல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபர்னஸ் நிக்காம ஓடியிருக்கும். திரும்பி வந்து பாத்தா இப்போ நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரி உக்காந்திருந்தாரு. கன்னமெல்லாம் நல்லா செவந்து, வயல்லேர்ந்து வந்து தூங்கின சின்னப் பையன் மாதிரி. டாக்டர் இதயம்னு எழுதினாரு. இதயக்காரருன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வேற கேக்கலை. விஷவாயு மணி ஒண்ணு இருந்துச்சு. பேட்டரி தீந்து கீச்சுக் கீச்சுன்னு கத்துதுன்னு ரெய்னோவே அதக் கழட்டி டிராயர்ல போட்டிருந்தாரு.

இல்ல தம்பி, எழுந்திருக்க வேண்டாம். உக்காருங்க.

அடக்கத்தப்போ ப்ரென்ட் என் கையப் பிடிச்சுக்கிட்டு, அம்மா, கடைசி நாள்ல அப்பா குளிராம இருந்தாரு, எனக்கு அது போதும்மான்னான். அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவன் எழுந்து நின்னான்.

அப்புறம் எனக்குத் தலைவலி. காலைல எழுந்தா மண்டை பொளக்கும், சர்ச்சுக்குப் போனா சரியாயிடும். துக்கம்னு சொன்னாங்க, ஜெபிச்சாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஃபர்னஸ் சுத்தம் பண்ண ஆர்னி வந்தாரு, எங்க சபைக்காரரு. உள்ள எரியற நெருப்பப் பாத்தாரு. நீலமா நிக்க வேண்டியது மஞ்சளா ஆடிக்கிட்டிருந்துச்சு. எல்மா, உன் காத்துக் குழாய் எங்கன்னாரு. அப்புறம் திரும்பி அந்தச் சுவத்தப் பாத்தாரு. அவர்கிட்டயும்தான் ரெய்னோ பெருமையடிச்சிருந்தாரே, யாரு கட்டின சுவருன்னு அவருக்குத் தெரியும். என்னைப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். துணி தொவைக்கற மெஷினுக்குப் பின்னால வேற ஓட்டை போட்டுப் புதுக் குழாய் வச்சாரு, மணி மூணும் மாட்டினாரு. மகன் கேட்டா ஈரக்காத்து போறதுக்குன்னு சொல்லிடுன்னாரு. போயிட்டாரு. போன வருஷம் அவரும் கர்த்தர்கிட்டப் போயிட்டாரு. வேற யாருக்கும் தெரியாது. இப்போ உங்களுக்கு.

அதுதானான்னு நிச்சயமா எனக்கே தெரியாது. இதயமாவும் இருக்கலாம். யாராலயும் இனிமே சொல்ல முடியாது. ஆனா ப்ரென்ட் தன்னாலதான்னு சொல்லிடுவான். இப்போ அவனுக்கு ஒரு வீடு இருக்கு, அங்க அதே மாதிரிக் குழாய் இருக்கு. அத அடைக்கவே கூடாதுன்னு எனக்கே ஒரு நாள் பாடம் எடுத்தான். நான் தலையாட்டிக் கேட்டுக்கிட்டேன். அவனுக்குத் தான் அடைச்சது அந்த மாதிரிக் குழாய்னு இன்னும் தோணலை, ஏதோ பழைய ஓட்டைன்னு நெனப்பு. பலகையக் கழட்டினான்னா அந்த வட்டத்தப் பாப்பான். அதுக்குள்ள தன் கையால திணிச்சதப் பாப்பான். அப்புறம் இந்த நாற்காலியப் பாப்பான்.

பொய் சொல்றேன்னு நெனக்கிறீங்களா? நானும் நெனச்சேன். ஆண்டவர்கிட்டக் கேட்டேன், ரொம்ப நாள் கேட்டேன். அவரு பதில் சொல்லலை, இந்த வசந்தத்துல தண்ணிய மட்டும் அனுப்பி வச்சாரு. சரி, அவரு சொல்லாதவரைக்கும் நானும் சொல்றதா இல்ல.

லாஹ்டி அம்மா வீட்டுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் தெரிய வேண்டாம் தம்பி. நீங்க சொல்லியிருந்தா இந்நேரம் உங்களுக்கும் ரொட்டியத் துணியில கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன்.

புதன்கிழமைதான் ஆரம்பிக்க முடியுமா? பரவால்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள மூடிடலாமா? மூடிடலாம்னு சொன்னா போதும், நீங்க சொன்னா செய்வீங்க. வெளியில அந்தத் தகர மூக்கயும் எடுத்துட்டு சிமென்ட் வச்சுப் பூசிடுங்க. இந்தாங்க, கை குடுங்க. ரோஜர விடக் கூடக் கேட்டாலும் குடுக்கறேன், அதப் பத்தி யோசிக்காதீங்க.

பூட்ஸ் காஞ்சிருக்கும். மேல வாங்க, மீதி ரொட்டிய எடுத்துட்டுப் போங்க, நாய்க்கும் ஒரு துண்டு குடுங்க.

ஆ, ஒண்ணு மறந்துட்டேன். குழாய்லேர்ந்து எடுக்கற அந்தப் பஞ்ச மட்டும் என் குப்பைத் தொட்டியில போடாதீங்க. உங்க வண்டியிலயே எடுத்துட்டுப் போயிடுங்க. குப்பை வண்டி செவ்வாக்கிழமைதான் வருது. அம்மா பனியில வழுக்கி விழுந்துடுவாளோன்னு, திங்கக்கிழமை சாயங்காலம் தொட்டியத் தெருமுனைக்குத் தள்ளிட்டுப் போறது ப்ரென்ட்தான்.